தயக்கத் துண்டு

மிட்சுயோவின் மூக்குக்கு மட்டும் தனியாக ஒரு நுழைவுச்சீட்டு வாங்கிக் கொடுத்தால், அது பூங்கா முழுக்கச் சுற்றி, எங்கே எது நன்றாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து அவளிடம் சொல்லும். கிழக்கு வாசலில் நின்றபடியே, மேற்கு மூலையில் பொரிகிற பாப்கார்ன் தேனா, சோயா வெண்ணெயா, கறி மசாலாவா என்று சொல்லிவிடுவாள். எந்தத் தள்ளுவண்டியில் எண்ணெய் நேற்றையது என்றும் சொல்வாள். சரி, கிழக்கு வாசலிலிருந்து மேற்கு மூலைக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும், அவ்வளவு தூரம் என்றது கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். நடுவிலிருக்கும் நீரூற்று வரைக்கும் வந்தால் சொல்வாள். காற்றும் நம் பக்கம் அடிக்க வேண்டும். ஆனால் எண்ணெய் விஷயத்தில் ஒரு எழுத்துகூடக் கூட்டவில்லை.

இருபத்தெட்டு வருடமாகப் பள்ளிக்கூடச் சமையலறையில் நின்ற மூக்கு அது. இசே விரிகுடாவின் ஓரத்தில் இருக்கும் ஊர், அறுநூற்று இருபது பிள்ளைகள், அவர்களுக்கு மதியச் சாப்பாடு சமைக்கிற நான்கு பெண்கள். மிட்சுயோ அவர்களுக்குத் தலைவி. பள்ளியில் விளையாட்டு விழா ஞாயிற்றுக்கிழமை நடக்கும், அதற்கு ஈடாகத் திங்கள்கிழமை விடுமுறை. அந்த ஒரு திங்கள்கிழமையில் நால்வரும் ரயில் ஏறிக் கடலோரத்துப் பூங்காவுக்குப் போய்விடுவார்கள். தலைகீழாகச் சுற்றும் ராட்டினமோ, இருட்டுக் குகைக்குள் ஓடும் படகோ அவர்களுக்குத் தேவையில்லை. தின்பதற்குத்தான் போவார்கள்.

நால்வருக்கும் வேலை பிரித்து வைத்திருந்தார்கள். எதைத் தின்பது என்று தேர்ந்தெடுப்பது மிட்சுயோ. வரிசையில் நின்று வாங்கி வருவது கயோகோ. விரிப்பை விரித்து இடம் பிடிப்பது நாக்கில் மிளகாய் வைத்துக்கொண்டே பிறந்த தமாகி. படம் எடுப்பது எல்லோரிலும் சின்னவளான நகிசா. ஒரு பண்டம் வாங்கினால் அதை நாலாக வெட்டுவார்கள், அப்போதுதான் ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு வகை பார்க்க முடியும். அதற்கென்று மிட்சுயோவின் பையில் பிளாஸ்டிக் கத்தியும், நாலு காகிதத் தட்டும், ஈரத் துடைப்பானும் எப்போதும் இருக்கும்.

சமபங்காக வெட்ட முடியாத பண்டங்களும் உண்டு. ஐந்து உருண்டை, ஒன்பது உருண்டை என்று வருவதில் கடைசியாக ஒன்று மிஞ்சும். அந்த ஊர்க்காரர்கள் அந்தக் கடைசி ஒன்றைத் தொடமாட்டார்கள். நீங்க எடுங்க, அய்யோ எனக்கு வயிறு நிறைஞ்சுபோச்சு, நீங்க எடுங்க என்று சொல்லிச் சொல்லியே அது ஆறி, தோல் கட்டி, தட்டில் குந்தியிருக்கும். தயக்கத் துண்டு என்று அதற்கு ஒரு பெயரே உண்டு. இந்த நால்வர் கூட்டத்தில் மட்டும் அது அரை நிமிடம்கூடத் தங்காது. "வீணாப் போறதுக்கு என் வயித்துக்குள்ள போகட்டும்" என்று சொல்லி கயோகோ வாயில் போட்டுக்கொள்வாள். இத்தனைக்கும் நால்வரில் ஆள் சின்னது அவள்தான். ரயிலில் பிடிவளையம் அவளுக்கு எட்டாது.

அந்தக் கயோகோவின் வயிற்றில் முக்கால் பங்கை, மார்ச் மாதத்தில் மருத்துவர்கள் எடுத்துவிட்டார்கள்.

உடம்பு தேறிவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள், ஒவ்வொரு வாயையும் முப்பது தடவை மெல்லுங்கள் என்றுதான் மருத்துவர் சொன்னார். எதுவானாலும் மூன்று வாய், அதற்கு மேல் இல்லை என்பது கயோகோ தானாகப் போட்டுக்கொண்ட கோடு.

அக்டோபர் மாதத் திங்கள்கிழமைக் காலையில், ரயிலில் மிட்சுயோவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள் கயோகோ. எதிர் இருக்கையில் தமாகி வாயைத் திறந்தபடி தூங்கினாள். அதை நகிசா படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"மிட்சு, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு, கயோ."

"நான் வேலைய விட்டுடலாம்னு இருக்கேன். இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள முடிவாச் சொல்லிடுறேன். நீயும் எத்தன மாசம்தான் என் இடத்தக் காலியா வச்சுட்டிருப்ப?"

"டாக்டர் வரலாம்னுட்டாரே?"

"டாக்டருக்கு என்ன? உடம்பு தேறிடுச்சு, நாக்கு தேறல. எதப் பாத்தாலும் ஆசை வரமாட்டேங்குது. கடிகாரத்தப் பாத்துத் தின்னுறேன், மாத்திரை முழுங்குற மாதிரி. பசின்னா எப்படியிருக்கும்னே மறந்துபோச்சுடி. அப்படிப்பட்டவ கரண்டியப் பிடிச்சுகிட்டு அறுநூறு பிள்ளைங்களோட சூப்புக்கு உப்புப் பாக்கலாமா?"

உப்புப் பார்ப்பதுதான் கயோகோவின் பெரிய வேலை. அவள் ஒரு சொட்டு நாக்கில் வைத்து, கண்ணை மூடித் திறந்து, "சரி" என்றால்தான் அண்டா இறங்கும். அவள் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு உப்புமானி வாங்கினார்கள். அது எண் காட்டும், சரி என்று சொல்லாது.

மிட்சுயோ பையிலிருந்து பூங்காவின் வரைபடத்தை எடுத்து மடியில் விரித்தாள். ஒரு வாரமாகப் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருந்த வரைபடம் அது. வட்டங்களை மறுபடியும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இவற்றில் ஏதாவது ஒன்று, ஒரே ஒன்று, இவளை ஆசைப்பட வைத்தால் போதும். இருபத்தெட்டு வருடம் தேர்ந்தெடுத்த மூக்கு இன்றைக்குக் கைவிடுமா என்ன?

பூங்கா திறந்ததும் பள்ளிப் பிள்ளைகள் ராட்டினத்தைப் பார்த்து ஓடினார்கள். பாதிப் பேர் இவர்களிடம் சாப்பிடுகிற பிள்ளைகள்தான். தமாகி உடனே தொப்பியை இழுத்துவிட்டுக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டாள்.

"கேரட்ட மிச்சம் வைக்காதேன்னு தெனமும் திட்டுறேன். நான் சர்க்கரையில புரட்டினத நக்குறத அதுங்க பாத்துச்சுன்னா அப்புறம் எவன் கேரட் தின்பான்?"

"கண்ணாடி போட்டாலும் உங்க குரல் காட்டிக்குடுத்துரும், தமாகி-சான்" என்றாள் நகிசா.

கயோகோவை மூவருமாக நீரூற்றுக்கு எதிரே, ஊர்வலம் போகும் பாதை ஓரத்தில், விரிப்பு விரித்து உட்கார வைத்தார்கள்.

"நீ இங்க இரு, கயோ. இடத்தப் பாத்துக்க. ஒரு இடத்துக்கும் நீ அலைய வேண்டாம்" என்றாள் மிட்சுயோ.

"வரிசைக்கு நான் போறேனே."

"பேசாம உக்காரு. முதுகுக்கு இந்தப் பைய வச்சுக்க."

முதலில் வந்தது பால் புட்டிங். மாலுமித் தொப்பி போட்ட நீர்நாய்தான் அந்தப் பூங்காவின் அடையாளச் சின்னம், அதன் முகம் வரைந்த கிண்ணத்தில் மெத்தென்று ஆடியது. கயோகோ செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, விரிப்பில் காலை மடக்கி உட்கார்ந்து, மூன்று கரண்டி சாப்பிட்டாள்.

"நல்லாயிருக்கு."

மிட்சுயோவுக்கு அந்த 'நல்லாயிருக்கு' தெரியும். அடுத்த வீட்டுக்காரி கொடுத்தனுப்பிய ஊறுகாய்க்குச் சொல்கிற 'நல்லாயிருக்கு' அது.

அடுத்து, நீர்நாய் முகம் போட்ட ஆவியில் வெந்த பன். உள்ளே இறைச்சிக்குப் பதிலாக மசித்த பூசணி இருப்பதாகப் பார்த்து வாங்கியிருந்தாள். மூன்று வாய், "நல்லாயிருக்கு." பிறகு அரிசிமா உருண்டைகள், ஒரு குவளையில் ஒன்பது. ஆளுக்கு இரண்டு போக ஒன்று மிஞ்சியது. எல்லோரும் வழக்கம்போல கயோகோவைப் பார்த்தார்கள். கயோகோ வானத்தில் வட்டமிடும் பருந்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடலோரம் என்பதால் அங்கே பருந்துகளுக்குக் குறைவில்லை. கையில் இருப்பதைப் பிடுங்கிக்கொண்டு போகும், ஜாக்கிரதை என்று தூணுக்குத் தூண் பலகை மாட்டியிருந்தார்கள்.

"கயோகோ-சான், உங்க துண்டு" என்றாள் நகிசா.

"நீ எடுத்துக்கம்மா."

"இல்ல, நீங்க..."

"எனக்குப் போதும், நகிசா."

அந்த உருண்டை தோல் கட்டியது. இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக அவர்கள் தட்டில் தயக்கத் துண்டு ஒன்று உட்கார்ந்திருந்தது. கடைசியில் தமாகி அதை எடுத்து மருந்து விழுங்குகிற மாதிரி விழுங்கிவிட்டு, "சீஃப், நீங்க என்ன ஆஸ்பத்திரி கேன்டீனுக்கா பட்டியல் போட்டீங்க? புட்டிங்கு, பூசணி, மாவுருண்ட. பல்லுக்கு வேலையே இல்ல. அடுத்தது என்ன, கஞ்சியா?" என்று கேட்டாள்.

அடுத்தது உண்மையிலேயே கஞ்சிதான். மேற்கு மூலையில் ஒரு சீனக் கடையில் நண்டுக் கஞ்சி என்று வரைபடத்தில் வட்டம் போட்டிருந்தது. மிட்சுயோ அதைச் சொல்லாமல் எழுந்து நடந்தாள். மற்ற இருவரும் பின்னால் போனார்கள்.

கஞ்சிக்கு வரிசையே இல்லை. அது நல்ல சகுனம் இல்லை என்று மிட்சுயோவின் மூக்கு சொன்னது, அவள்தான் கேட்கவில்லை. மூடி போட்ட கிண்ணத்தைப் பச்சைப் பிள்ளையை ஏந்துவதுபோல ஏந்திக்கொண்டு திரும்பினாள். விரிப்பு இருந்தது. நாலு மூலையிலும் நாலு பை பாரத்துக்கு இருந்தது. கயோகோ இல்லை. கழற்றி வைத்த செருப்பும் இல்லை.

"கழிப்பறைக்குப் போயிருப்பாங்க" என்றாள் நகிசா.

பத்து நிமிடம் பார்த்தார்கள். நகிசா கழிப்பறைக்கு ஓடிவிட்டு வந்து தலையாட்டினாள். மிட்சுயோவின் கையில் கிண்ணம் ஆறிக்கொண்டிருந்தது. மயக்கம் போட்டு எங்காவது விழுந்துவிட்டாளோ? இல்லை, என்னிடம் சொல்ல மனமில்லாமல் ரயிலேறி வீட்டுக்கே போய்விட்டாளோ? இரண்டில் எது மோசம் என்று அவளுக்கே தெரியவில்லை.

தமாகிதான் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கை நீட்டினாள். "அங்க பாருங்க சீஃப். அந்த வரிசை."

பூங்காவிலேயே நீளமான வரிசை அது. கயிறு கட்டி, ஏழு மடிப்பு மடித்து, பாலத்தைத் தாண்டிப் போயிருந்தது. நான் ஏழு என்றால் நாலு என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசையின் தலையில் புகைக்கூண்டு வைத்த தள்ளுவண்டி, அதில் புகைபோட்ட வான்கோழிக் கால்கள். ஒவ்வொன்றும் ஒரு பிள்ளையின் முழங்கை நீளம். மூன்றாவது மடிப்பில், இரண்டு நெட்டைக் கல்லூரிப் பையன்களுக்கு நடுவே, கயோகோவின் வெள்ளைத் தொப்பி தெரிந்தது.

மிட்சுயோ கயிற்றோரம் போய் நின்றாள். உள்ளே நுழைய முடியாது. நடுவில் போய்ச் சேர்ந்துகொள்வதென்பது அந்த ஊரில் பிக்பாக்கெட் அடிப்பதைவிடக் கேவலம். ஆகவே கயிற்றுக்கு இந்தப் பக்கம் அவளும், அந்தப் பக்கம் கயோகோவுமாக, வரிசை நகர நகர அடி அடியாக நகர்ந்தார்கள்.

"என்ன கயோ இது? கஞ்சி வாங்கிட்டு வந்திருக்கேன்."

"நீயே குடி."

"இந்தக் காலத் தின்னப்போறியா நீ? டாக்டர் கேட்டார்னா..."

"தின்னப்போறேன்னு யார் சொன்னா? வரிசைல நிக்கிறேன். அவ்வளவுதான்."

"எதுக்கு?"

கயோகோ யோசித்தாள். வரிசை ஓர் அடி நகர்ந்தது. இருவரும் நகர்ந்தார்கள்.

"மார்ச்லேர்ந்து எல்லாரும் எனக்குச் சாப்பாட்டக் கொண்டுவந்து வைக்கிறீங்க மிட்சு. ஆஸ்பத்திரியில தட்டு வரும். வீட்ல மருமக தட்டு வைக்கிறா. இங்க வந்தா நீ. மூடியத் தொறந்தா சாப்பாடு. நான் எதுக்காகவும் நின்னதில்ல, காத்திருந்ததில்ல. அப்புறம் பசி எங்கேர்ந்து வரும், சொல்லு? நம்ம சமையலறையில ஏழரை மணிக்கு வெங்காயம் நறுக்க ஆரம்பிச்சு, பன்னெண்டரை மணி வரைக்கும் வாசனைய மட்டும் தின்னுட்டு நிப்போமே. அதுக்கப்புறம் காஞ்ச ரொட்டிகூட எப்படி இறங்கும்!"

மிட்சுயோ கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்தாள்.

காற்று திரும்பியது. புகை அவர்கள் மேல் இறங்கியது. கயோகோ மூக்கை நிமிர்த்தினாள்.

"ஆப்பிள் மரக்கட்டைன்னு பலகையில எழுதியிருக்கான். பொய். இது செர்ரி."

"ஆப்பிள்தான். மூக்கு நான், மறந்துட்டியா?"

"ஒன் மூக்கு கஞ்சி குடிச்சுக் குடிச்சு மழுங்கிருச்சு. செர்ரி."

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மரத்தரையில் பழைய அலமாரியை இழுத்தாற்போல ஒரு நீண்ட உறுமல். முன்னால் நின்ற பையன் திரும்பிப் பார்த்தான். பின்னால் நின்றவனும் பார்த்தான். கயோகோ தன் வயிற்றைக் குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, "மன்னிக்கணும், நான்தான்" என்று இரண்டு பக்கமும் வணங்கினாள். முகம் சிவந்திருந்தது.

"மீதி இருக்குற கால் பங்கே இந்தச் சத்தம் போடுதா?" என்று தமாகி தூரத்திலிருந்தே கத்தினாள். "முழுசா இருந்தப்ப பூகம்ப எச்சரிக்கையே குடுத்திருக்கணும்!"

ஐம்பது நிமிடம் நின்று, ஒரு காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கயோகோ விரிப்புக்கு வந்து சேர்ந்தாள். பின்னாலிருந்து பார்த்தவர்களுக்கு, கால்தான் கயோகோவைத் தூக்கிக்கொண்டு வருகிறது என்றே தோன்றியிருக்கும். மிட்சுயோ கத்தியை எடுத்தாள். பிளாஸ்டிக் கத்தி முறிந்தது. ஆகவே கை மாற்றிக் கை மாற்றிக் கடித்தார்கள். கயோகோ முதல் வாயைக் கடித்ததும் மற்ற மூவரும் எண்ண ஆரம்பித்தார்கள்.

"இருபத்தெட்டு, இருபத்தொம்பது, முப்பது."

"நான் என்ன விளையாட்டு விழாவுல கயிறா தாண்டுறேன்? எண்ணாதீங்க!" என்றாள் கயோகோ. ஆனால் 'நல்லாயிருக்கு' என்று சொல்லவில்லை. "உப்பு ஒரு சிட்டிகை கூட" என்றாள். மிட்சுயோ அதைக் கேட்டுச் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இரண்டாவது வாய், மூன்றாவது வாய். அதோடு கயோகோ கையைத் துடைத்துக்கொண்டாள். கோடு கோடுதான். மற்ற மூவரும் வயிறு முட்டத் தின்றும், எலும்பின் முட்டியோரம், ருசி அதிகமான இடத்தில், ஒரு துண்டு மிஞ்சியது.

"நீங்க எடுங்க சீஃப்."

"தமாகி, நீ எடு."

"எனக்கு இங்க வரைக்கும் நிக்குது."

எலும்பைத் தட்டில் வைத்துவிட்டார்கள். ஊர்வலத்தின் மேளம் கேட்டது. மாலுமித் தொப்பி நீர்நாய் கப்பல் வண்டியில் நின்று கையசைத்துக்கொண்டு வந்தது. நகிசா படம் எடுக்க எழுந்தாள். தமாகி, "அந்தத் தோலுக்குள்ள இருக்கிற மனுசனுக்கு என்ன வேர்க்கும்!" என்று எழுந்தாள். மிட்சுயோவும் எழுந்து நின்று கையசைத்தாள். வண்டி திரும்பிப் போன பிறகு உட்கார்ந்தால், தட்டில் எலும்பு மட்டும் வெள்ளை வெளேரென்று கிடந்தது.

"துண்டு எங்க?"

கயோகோ துடைப்பானை மடித்தபடி வானத்தைப் பார்த்தாள். மிட்சுயோவும் பார்த்தாள். நேர் மேலே ஒரு பருந்து வட்டமிட்டுக்கொண்டிருந்தது.

"அட திருட்டுப் பயலே!" என்றாள் மிட்சுயோ.

மாலையில் ரயில் நிலையத்தில் பிரியும் வரைக்கும் கயோகோ முடிவைப் பற்றிப் பேசவில்லை. மிட்சுயோவும் கேட்கவில்லை. கேட்டால் வருகிற பதில் எதுவானாலும் அது முடிவாகிவிடும். "பாத்துப் போ" என்று மட்டும் சொன்னாள். வீட்டுக்குப் போய், பென்சில் வட்டங்கள் போட்ட வரைபடத்தைக் கசக்கி எறிந்தாள். இந்த வருடம் தேர்ந்தெடுத்ததில் ஒன்றுகூட எடுபடவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, ஏழரை மணி. சமையலறையில் வெங்காயம் நறுக்க ஆரம்பித்திருந்தார்கள். வாசலோரப் பலகையில் நாலு ஜோடி வெள்ளை ரப்பர் காலணிகளுக்கான இடம், அதில் மிகச் சின்ன ஜோடி மட்டும் மார்ச் மாதத்திலிருந்து அப்படியே இருந்தது. சத்துணவு ஆசிரியை வாரப் பட்டியலோடு வந்து, நேற்றைய பூங்கா எப்படி என்று கேட்டுவைத்தாள். மிட்சுயோவுக்கு அது போதும். கதவுக்கு முதுகைக் காட்டி நின்று, கத்தியை ஆட்டி ஆட்டிச் சொல்ல ஆரம்பித்தாள்.

"எல்லாத்தையும் விடுங்க டீச்சர், அந்தப் பருந்த நீங்க பாத்திருக்கணும். சிறகு ஒவ்வொண்ணும் குடை அகலம். மேலேர்ந்து விருட்டுன்னு எறங்குச்சு பாருங்க, என் தொப்பி பறந்துபோச்சு. அந்தக் கடைசித் துண்ட மட்டும் எலும்புலேர்ந்து உருவிகிட்டுப் போயிருச்சு. எலும்பு அசையக்கூட இல்ல! அந்தச் சாமர்த்தியம் நம்ம தமாகிக்குக்கூட வராது."

ஆசிரியை சிரிக்காமல் மிட்சுயோவின் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். தமாகியின் கத்தி நின்றது. மிட்சுயோ திரும்பினாள்.

வாசலில், தரையில் போட்ட சிவப்புக் கோட்டுக்கு வெளியே, கயோகோ நின்றிருந்தாள். மலப் பரிசோதனையில் தேறிய சீட்டு இல்லாமல் எவரும் அந்தக் கோட்டைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. கையை நீட்டி, பலகையிலிருந்த தன் சின்னக் காலணிகளை எடுத்துத் தூசி தட்டினாள்.

"பரிசோதன டப்பா ஒண்ணு குடு, மிட்சு. நாளைக்கே கொண்டாந்து குடுத்துடுறேன். சீட்டு வர்றதுக்குள்ள அந்த உப்புமானியத் தூக்கி உள்ள வச்சிரு."

மிட்சுயோ டப்பாவைத் தேடினாள். எப்போதும் இருக்கிற இழுப்பறையில்தான் இருந்தது, கண்தான் தெரியவில்லை.

"வெங்காயம்" என்றாள் யாரும் கேட்காமலே.

"ஆமாமா, வெங்காயம்" என்றாள் தமாகி. "எனக்கும் அதே வெங்காயம்தான்."

கயோகோ டப்பாவை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, ஆசிரியைக்கு ஒரு வணக்கம் போட்டாள்.

"அப்புறம் டீச்சர், இவ சொன்ன கதைல ஒரு திருத்தம். பருந்து மேலதான் இருந்துச்சு, கீழ எறங்கவே இல்ல. இவங்க மூணு பேரும் அந்த நீர்நாய்க்குக் கைய ஆட்டிட்டு இருந்தப்ப, அந்தத் துண்ட நான்தான் தின்னேன். நாலாவது வாய். முப்பது தடவையெல்லாம் மெல்லவும் இல்ல."